காம்போன்னா காம்பினேஷனோட சுருக்கம் மட்டும்தானா?

போன வாரம் அக்கா பொண்ணு (எட்டாவது படிக்கிறா) இங்கிலீஷ் நோட்டை தூக்கிட்டு வந்து மூஞ்சிய உம்முன்னு வச்சிட்டு உட்கார்ந்துட்டா. புயல் பத்தி கட்டுரை, மழையும் காத்தும் சேர்ந்து அடிச்சத காம்போன்னு ஒரு வரில எழுதிருக்கா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் செகப்பு மையில வட்டம் போட்டு குடுத்துட்டாங்க, ஏன்னு எழுதல. "ஹோட்டல் போர்டுல இருக்கு, டிவில சொல்றாங்க, அப்புறம் என்ன தப்பு மாமா?"

தப்பே இல்லடா, அர்த்தம் சரியாத்தான் இருக்கு, இடம்தான் மாறிப்போச்சு. லீவ் லெட்டர்ல "காய்ச்சல் வந்துருச்சு சார்"னு எழுதுவோமா, அந்த மாதிரி. இங்கிலீஷ் டிக்‌ஷனரிலயே காம்போவுக்கு பக்கத்துல பேச்சு வழக்குன்னு குறிப்பு இருக்கும். நண்பனுக்கு மெசேஜ், மெனு கார்டு, விளம்பரம், அரட்டை, இங்கெல்லாம் தாராளமா போடலாம். பரீட்சை பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், வேலைக்கு அப்ளிகேஷன்னா முழுசா காம்பினேஷன்னு எழுதிடணும்.

நீளமான வார்த்தைய வெட்டி கடைசில ஓ சத்தத்துல முடிக்கிறது இங்கிலீஷ்ல பழைய பழக்கம். டெமோ, ப்ரோமோ, மெமோ, போட்டோ எல்லாம் இப்படி வந்ததுதான். இதுல மெமோ, போட்டோவெல்லாம் ஆபீஸ் கடுதாசி வரைக்கும் போய் உட்கார்ந்துடுச்சு, காம்போ மட்டும் இன்னும் வாசல்லயே நிக்குது.

ஆனா இது வெறும் சுருக்கம்னு விட்டுட எனக்கு மனசு வரல. 1920கள்ல அமெரிக்காவுல இந்த வார்த்தை புழக்கத்துக்கு வந்தப்ப ஜாஸ்ங்கற அமெரிக்க இசை வாசிக்கிற சின்ன குழுவுக்குத்தான் இந்த பேர் நல்லா ஒட்டிக்கிச்சு. பிக் பேண்ட்ங்கற பெரிய ஜாஸ் குழுவுல பதினஞ்சு பேர் கிட்ட இருப்பாங்க, காம்போன்னா மூணுலேர்ந்து எட்டு பேருக்குள்ள. பென்னி குட்மேன்னு ஒரு ஜாஸ் கலைஞர், க்ளாரினெட் வாசிக்கிறவர், பெரிய பேண்ட் வச்சிருந்தவர், அவரே 1935ல டெடி வில்சன் பியானோ, ஜீன் க்ருபா டிரம்ஸ்னு மூணே பேரா ஒரு செட்டு சேர்த்து வாசிச்சார், அந்த ரெக்கார்டுகள கேட்டா புரியும், ஒருத்தர் மூச்சு விடுறது இன்னொருத்தருக்கு தெரியுது. 1944ல ஆட்டமும் பாட்டும் நடக்குற கிளப்புகளுக்கு அங்க 30 சதவீதம் வரி போட்டாங்க, வெறும் வாத்தியம் வாசிச்சா அந்த வரி கிடையாது, அதனால நிறைய கிளப்காரங்க ஆட்டத்த விட்டுட்டு உட்கார்ந்து கேக்குற சின்ன காம்போக்கள கூப்பிட ஆரம்பிச்சாங்க, பெரிய பேண்டுகள் குறைஞ்சு போனதுக்கு இதுவும் ஒரு காரணம். இப்பவும் ஜாஸ் ஆளுங்க கிட்ட காம்போன்னு சொன்னா சாப்பாடு ஞாபகம் வராது, இதுதான் வரும்.

இன்னொன்னு வீடியோ கேம். 1991ல வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ங்கற சண்டை கேம்ல ஒரு அடி முடியறதுக்குள்ள அடுத்த அடிய கோத்துட்டா எதிராளியால தடுக்க முடியாது, இப்படி கோக்குறதுக்குத்தான் காம்போன்னு பேர். இது யாரும் திட்டம் போட்டு வச்சதில்ல, காரை உடைக்கிற போனஸ் ரவுண்ட டெஸ்ட் பண்ணும்போது அந்த கேம தயாரிச்ச குழுவுல இருந்த நோரிடாகா ஃபுனாமிசு கண்ணுல பட்டது, டைமிங் ரொம்ப கஷ்டம், யாருக்கு வரப்போகுதுன்னு அப்படியே விட்டுட்டாங்க. பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க! 1993ல வந்த சூப்பர் வெர்ஷன்ல எத்தனை அடின்னு ஸ்கிரீன்லயே எண்ணி காட்ட ஆரம்பிச்சாச்சு.

இங்கதான் காம்பினேஷன்லேர்ந்து காம்போ பிரியுது. பதினொன்னாவது கணக்குல பெர்முட்டேஷன் காம்பினேஷன் படிச்சோமே, அதுல காம்பினேஷன்னா வரிசை முக்கியமில்ல, எது எது வந்துச்சுங்கறது மட்டும்தான். கேம்ல காம்போன்னா வரிசைதான் உயிரே, ஒரு அடி முன்ன பின்ன ஆனா அவ்ளோதான், மறுபடி முதல்லேர்ந்து.

நம்ம ஊர்ல எனக்கு முதல்ல பழக்கமானது சென்னையில எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல. 2000கள்ல கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணப்ப காம்போ டிரைவ்னு ஒன்னு விப்பாங்க, டிவிடி படிக்கும், சிடி எழுதும், ஆனா டிவிடி எழுதாது, அந்த ஒரு வித்தியாசத்த கடைக்காரர் எனக்கு ரெண்டு தடவ விளக்கினார். இப்ப கீபோர்டு மவுஸ் காம்போ, மினி டிபன் காம்போ, சினிமா பத்தி பேசினா 1992லேர்ந்து வர்ற மணிரத்னம் ரஹ்மான் காம்போ. முன்னாடி இத கூட்டணின்னோம், நடிக்கிறவங்கன்னா ஜோடின்னோம். எனக்கு கூட்டணிங்கற வார்த்தை ரொம்ப பிடிக்கும், ஆனா தேர்தல் வந்தா அது அரசியல் பக்கம் போயிடுது, ஜோடின்னா ரெண்டு பேரோட நின்னுடும், அதனாலதான் காம்போவுக்கு இங்க எடம் கிடைச்சுதுன்னு நினைக்கிறேன். தட்டுல இட்லியும் வடையும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதுக்கு பேர் காம்போ இல்ல, ஒன்னு இல்லாம இன்னொன்னு ருசிக்காதுங்கற அளவுக்கு ஒட்டணும், பொங்கலும் வடையும் மாதிரி.

அப்படி பாத்தா காத்தும் மழையும் சேர்ந்து ஒரே புயலா அடிச்சத அவ காம்போன்னு எழுதினது எவ்ளோ பொருத்தம். அதையும் அவகிட்ட சொன்னேன், அப்பத்தான் மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. வட்டத்துக்கு மேல காம்பினேஷன்னு முழுசா எழுதிட்டா. இப்ப நோட்டு கடைசி பக்கத்துல ஓ சத்தத்துல முடியற வெட்டு வார்த்தையா தேடி தேடி சேர்த்துட்டு இருக்கா, நேத்து ராத்திரி வரைக்கும் ஒம்போது ஆயிருக்கு.