படிக்கட்டில் திறந்த நோட்டு

மீட்டிங் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, படிக்கட்டில் வைத்துத்தான் புதிதாகச் சேர்ந்த அந்தப் பெண் தன் நோட்டைத் திறந்து காட்டினார்.

ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பேனா அழுந்தி அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்திருந்தது. ஒரு மணி நேரம் பேசி நாங்கள் முடிவெடுத்த கணக்கே தவறு.

"அங்கேயே சொல்லியிருக்கலாமேம்மா?"

"போன தடவை சொன்னப்போ, முதல்ல வேலையைக் கத்துக்கோன்னுட்டாங்க சார்."

அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

1986 ஜனவரியில், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகலாம் என்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. கிளம்பிய சற்று நேரத்தில் விண்கலம் சிதறி, அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள்.

நாளை காலை அந்தக் கணக்கைத் திரும்ப எடுக்கிறோம். அவரே பேசட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.