தாமிர நொதிகள்: எலக்ட்ரானை எண்ணிப் படித்தால் போதும்

உயிர்கனிம வேதியியலில் தாமிர நொதிகள் என்றாலே அவற்றில் உள்ள தாமிர மையங்களை வகை 1, வகை 2, வகை 3 என்று அட்டவணை போட்டு உருப்போடுவதுதான் வழக்கம். அட்டவணை தேவைதான். ஆனால் தேர்வில் இயங்குமுறையை விளக்கச் சொன்னால் அது கைகொடுக்காது. நான் ஒவ்வொரு நொதியிடமும் இரண்டு கேள்விகள் கேட்டேன்: கரிமப் பொருள் எத்தனை எலக்ட்ரான் இழக்கிறது? ஆக்சிஜன் கடைசியில் என்ன ஆகிறது?

முதலில் கேலக்டோஸ் ஆக்சிடேஸ். ஆல்கஹால் ஆல்டிஹைடாக மாற இரண்டு எலக்ட்ரான் போக வேண்டும். இருப்பதோ ஒரே தாமிர அயனி. அது 2+ நிலையிலிருந்து 1+ ஆகும்போது ஒன்றைத்தான் வாங்கும். இன்னொன்றை வாங்குவது புரதத்திலேயே இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் ரேடிக்கல், அதாவது இணையாகாத எலக்ட்ரான் கொண்ட வடிவம். 272ஆம் டைரோசினும் 228ஆம் சிஸ்டீனும் கந்தகம் வழியாகப் பிணைந்திருப்பதால் அந்த ரேடிக்கல் நிலைத்து நிற்கிறது. ஆல்கஹாலின் கார்பனில் இருக்கும் ஹைட்ரஜனைப் பறிப்பதும் அதுதான். அப்புறம் ஆக்சிஜன் வந்து இரண்டு எலக்ட்ரானையும் வாங்கி ஹைட்ரஜன் பெராக்சைடாகப் போய்விடும். தாமிரம் 2+ நிலையில் இருந்தும் இதன் செயல்படு வடிவம் ஈபிஆரில் (இணையாகாத எலக்ட்ரானைக் கண்டறியும் நிறமாலை முறை) ஏன் தெரிவதில்லை என்று கேட்பார்கள். தாமிரத்தின் இணையாகாத எலக்ட்ரானும் ரேடிக்கலின் எலக்ட்ரானும் எதிரெதிர்ச் சுழற்சியில் இணைந்துகொள்வதுதான் காரணம். அதை ஒரு வரியில் எழுதினால் போதும்.

லாக்கேஸில் கணக்கு வேறு. நான்கு தாமிரங்கள், ஒவ்வொரு ஃபீனாலும் ஒரு எலக்ட்ரான்தான் தரும். வகை 1 தாமிரம் அதை வாங்கி, மற்ற மூன்று தாமிரங்கள் சேர்ந்த தொகுதிக்கு அனுப்பும். நான்கு சேர்ந்ததும் ஆக்சிஜன் இரண்டு நீர் மூலக்கூறுகளாகும். இங்கே பெராக்சைடு விளைபொருள் என்று எழுதினால் மதிப்பெண் போச்சு.

டைரோசினேஸில் ஆக்சிஜன் அணு ஒன்று கரிமப் பொருளுக்குள்ளேயே நுழைகிறது, மற்றொன்று நீராகிறது. இரண்டு தாமிரங்களுக்கு நடுவே பெராக்சைடு பக்கவாட்டில் படுத்திருக்கும் படத்தைக் கட்டாயம் வரைந்து பழகுங்கள். ஹீமோசயனினிலும் இதே மையம்தான், ஆனால் ஃபீனால் அணுக வழி அடைபட்டிருப்பதால் அது ஆக்சிஜனைச் சுமப்பதோடு சரி.

கடைசியாக, தாமிர அமீன் ஆக்சிடேஸ். பெயரைப் பார்த்துத் தாமிரம்தான் அமீனை ஆக்சிஜனேற்றுகிறது என்று அம்புக்குறி போடாதீர்கள். அந்த வேலை டோபாகுயினோன் என்ற துணைக்காரணியுடையது. நொதியின் சொந்த டைரோசின் ஒன்றிலிருந்து ஆக்சிஜனின் உதவியோடு அதை உருவாக்கத்தான் தாமிரம் கட்டாயம் வேண்டும்.