அக்கி எழுதுவதற்கு முன்னால்

கோபிசெட்டிபாளையம் பக்கம் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். இங்கே குழந்தை உடம்பில் நீர்க்கொப்புளம் கிளம்பினால் ஒன்று அக்கி, இல்லையென்றால் அம்மை. அக்கிக்குக் குயவர் வீட்டில் காவி எழுதுவார்கள். அம்மைக்கு வேப்பிலை கட்டி, மருந்தையே நிறுத்திவிடுவார்கள். பல குழந்தைகளுக்குத் தானாக ஆறியும் விடுகிறது. கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அழற்சி) உள்ள குழந்தைக்கு வந்தால்தான் எனக்குப் பயம்.

கரப்பான் தோலில் கிருமியைத் தடுக்கும் காப்பு குறைவு. சூட்டுக் கொப்புளம் என்று நாம் தள்ளிவிடுகிற உதட்டுப் புண்ணோடு யாராவது குழந்தையை முத்தமிட்டால், அந்தப் புண்ணிலுள்ள ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் குழந்தையின் தோலில் மளமளவென்று பரவும். 1887லேயே கபோசி என்ற தோல் மருத்துவர் விவரித்த நோய் இது.

"ஏனுங்க டாக்டரம்மா, அக்கி எழுதியும் எறங்கலீங்களே" என்று ஓர் அம்மிச்சி கரப்பான் உள்ள பேரனைக் கொண்டுவந்தார். காய்ச்சல், பால் குடிக்கவில்லை. கன்னத்துக் காவியை மெல்லக் கழுவினால், கீழே எல்லாம் ஒரே அளவில், ஆணியால் குத்தி எடுத்த மாதிரிப் புண்கள். இமையிலும் இரண்டு. கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு வேறு தடவியிருந்தார்கள். இந்தக் களிம்பைச் சீட்டில்லாமல் விற்பதை என்னால் பொறுக்கவே முடிவதில்லை.

புண்ணிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினேன். முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை நரம்பு வழியாகத் தொடங்கினோம். கண் மருத்துவரையும் வரச்சொன்னோம். வைரஸ் பெருகுவதைத்தான் இந்த மருந்து தடுக்கும்; பெருகி முடிந்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு. வைரஸின் சொந்த நொதியே மருந்தை முடுக்கிவிடுவதால் தொற்றில்லாத செல்களுக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லை. சிறுநீரகத்தில் படிகமாகாமலிருக்க ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும், உடம்பில் நீர் குறையக் கூடாது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றினோம். புதுக் கொப்புளம் வருவது நின்று, அவன் பாலுக்கு அழுதபோதுதான் அம்மிச்சி சாப்பிடவே போனார்.

பச்சைக் குழந்தை என்றால் இன்னும் கறாராக இருப்பேன். பிறந்து ஒரு மாதத்துக்குள் இந்த வைரஸ் கொப்புளம் ஒன்றே ஒன்று வந்தாலும் ஊசி மருந்துதான்: கிலோவுக்கு 20 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள். மூளைக்கோ உள்ளுறுப்புகளுக்கோ போயிருந்தால் குறைந்தது 21 நாள். அப்புறம் ஆறு மாதம் வாய்வழி மருந்து. "ஒத்தைக் கொப்புளத்துக்கு முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கோணுங்களா?" என்று கேட்பார்கள். எடுத்தே ஆக வேண்டும். தோலில் மட்டும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அக்கி எழுதும் பெரியவர் ஒருவரிடமே போய்ப் பேசினேன். கரப்பான் குழந்தை, கைக்குழந்தை, காய்ச்சலோடு வருகிற குழந்தை, கண்ணோரத்தில் கொப்புளம் உள்ள குழந்தை, இவர்களில் யார் வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன்.

"எழுதிட்டு அனுப்பட்டுங்களா அம்மணி?"

"எழுதாம அனுப்புங்கய்யா. கழுவுறப்ப குழந்தைக்கு வலிக்குது."

சரி என்றார். சொன்னபடி ஒரு குழந்தையை அனுப்பியும் வைத்தார். பார்த்தால் அது வைரஸே இல்லை, பாக்டீரியாவால் வந்த சீழ்ப்புண். அதற்கும் மருந்து தேவைப்பட்டது, கொடுத்து அனுப்பினேன்.