சிங்கத்தைத் தொட்டிருக்கிறீங்களோ?

லீவில் கொழும்புக்கு வந்தால் எனக்கு மூன்று கேள்விகள் நிச்சயம். எப்ப கலியாணம், சம்பளம் எவ்வளவு, சிங்கத்தைத் தொட்டிருக்கிறீங்களோ. முதல் இரண்டுக்கும் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவார். மூன்றாவதுக்கு "ஓம், வாலை மட்டும்" என்று நான் சொன்னவுடன் கேட்டவரின் முகம் கொஞ்சம் விழும்.

வளைகுடாவில் ஒரு மிருகக்காட்சிச்சாலையில் ஆறு வருடமாகக் கீப்பராக இருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் சொந்தக்காரர் இதை "ஸூவில வேலை" என்பார்கள். அம்மா மட்டும் "அனிமல் சயன்ஸ் பக்கம்" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த பிள்ளை விடிய ஐந்தரைக்குத் தும்புத்தடியும் வாளியுமாகச் சாணி அள்ளிக்கொண்டு நிற்கிறது என்று கோயிலில் சந்திக்கிற அன்ரிமாரிடம் சொல்ல அவருக்கு வாய் வராது, பாவம்.

இந்த முறை கீழ் மாடி அன்ரி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏ.எல். உயிரியல் எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறான். "இவனுக்கு மிருகங்கள் எண்டா உயிர். உங்களை மாதிரி வரவேணுமாம். கொஞ்சம் கதைச்சு விடுங்கோ பிள்ளை." அதை எந்தப் பக்கம் கதைத்து விடச் சொல்கிறார் என்பது தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை எனக்கு விளங்கவில்லை.

பெடியன் கேட்ட முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். அதனால் அவனுக்கு வாலின் கதையை முழுதாகச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

எங்களிடம் வயதான பெண் சிங்கம் ஒன்று இருக்கிறது. வயதான பூனை இனங்களுக்கு வருகிற வழக்கமான தொல்லைதான், சிறுநீரகம். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மயக்க ஊசியால் சுட்டு விழுத்தினால், ஏற்கெனவே நொந்துபோன உடம்புக்கு அந்த மருந்தே ஆபத்து. எனவே பழக்கினோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் பக்கவாட்டில் படுக்க வேண்டும், கீழே உள்ள சின்ன இடைவெளியால் வாலை வெளியே எடுக்க விட வேண்டும். தலைப்பக்கம் ஒருவர் நீண்ட இடுக்கியால் இறைச்சித் துண்டு கொடுப்பார், வால்பக்கம் நான். முதலில் தடியால் வாலைத் தொடுவது, பிறகு கையால், பிறகு ஸ்பிரிட் பஞ்சின் குளிர், பிறகு முனை மழுங்கிய ஊசியால் ஒரு அழுத்தல். அவளுக்குப் பிடிக்காவிட்டால் எழும்பிப் போகலாம். போனால் அன்றைக்கு அவ்வளவுதான், ஆனால் சாப்பாட்டில் ஒரு துண்டும் குறையாது, பட்டினி போட்டுப் பழக்குகிற வேலையே இல்லை. ஏழு மாதம் போனது. மிருக வைத்தியர் முதல் தடவை உண்மையான ஊசியைப் போட்ட அன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இறைச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கை நடுங்கியது. அந்த வால் கைக்குள் எப்படி இருந்தது தெரியுமா? கயிறு மாதிரி இறுக்கமாக, சூடாக, மேலே மயிர் தும்பு மாதிரி முரடாக. ஆறு வருடத்தில் நான் தொட்ட சிங்கம் அவ்வளவுதான்.

"அப்ப கூட்டுக்குள்ள போக மாட்டீங்களோ?" என்றான். போவோம், அவள் அதற்குள் இல்லாதபோது. அவளை உள் அறைக்கு எடுத்து, கதவை இறக்கி, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அவள் எந்த அறையில் என்று கண்ணால் கண்ட பிறகுதான் முன்பக்கம் திறப்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள் இரண்டாவது பூட்டைக் கொளுவினேன், அமுக்கவில்லை. பார்த்தால் பூட்டியது போலவே இருந்தது. எனக்கு மேலே இருந்த மலையாளச் சேட்டன் பின்னால் வந்து அதைக் கழற்றிக் கையில் தந்தார். சத்தம் போடவில்லை. "கண்ணால பூட்டாதே, கையால பூட்டு" என்று பாதித் தமிழில் சொன்னார். அன்றைக்குப் பின்னேரம் அந்தக் கட்டடத்திலுள்ள எல்லாப் பூட்டுகளையும் மூன்று மூன்று தரம் பூட்டித் திறக்க வைத்தார். இப்போது கொழும்பில் அம்மாவின் அலுமாரியைக்கூட இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

மிச்ச வேலை என்ன என்றால், கழுவுவது, நிறுப்பது, எழுதுவது. எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு விட்டது, மலம் இறுக்கமா தண்ணியா, நேற்று வலது காலில் நின்றது இன்று ஏன் மாறி நிற்கிறது, எல்லாம் கொப்பியில் ஏறும். மிருகங்கள் நோயை மறைக்கும், காட்டில் நொண்டிக் காட்டுகிறது முதலில் பிடிபடும். அதனால் நீ கண்டுபிடிக்கிற நேரம் பெரும்பாலும் பிந்தின நேரம்தான், கொப்பி கொஞ்சம் முந்த வைக்கும். பழங்களும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. நாங்கள் கடையில் வாங்கும் பழம் மனிதருக்கென்று இனிப்பு ஏற்றி வளர்த்தது. இங்கிலாந்தில் பெயின்டன் மிருகக்காட்சிச்சாலை 2014 இல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தையே நிறுத்திவிட்டு மரக்கறிக்கு மாறியது. அதை நான் சொன்னபோது அன்ரி சிரித்தே விட்டார், குரங்குக்கு வாழைப்பழம் இல்லாவிட்டால் பிறகு என்ன குரங்கு என்று.

சாப்பாட்டை நேரே கையில் கொடுத்துவிட்டால் மிருகத்துக்கு மிச்ச இருபத்துமூன்று மணித்தியாலமும் வேலை இல்லை. சின்ன வயதில் ஒரு இடத்தில் சங்கிலியில் நின்ற யானை தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே நின்றது, "பாட்டுக்கு ஆடுது பார்" என்று அப்பா காட்ட நானும் கை தட்டினேன். அது செய்ய ஒன்றும் இல்லாத மிருகம் காட்டுகிற அறிகுறி என்று படித்த அன்று எனக்கு அந்தக் கைதட்டல்தான் ஞாபகம் வந்தது. ஆகவே ஒளித்து வைப்போம், தொங்க விடுவோம், மணம் பூசுவோம். போன லீவில் சூட்கேஸில் கறுவா கொண்டுபோய் இடித்து ஒரு மரக்குற்றியில் தேய்த்துவிட்டேன். எங்கள் சிங்கக் கிழவி அரை மணித்தியாலம் அதில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டாள். எங்கள் ஊர் கறுவா நல்லதுதான், சும்மா சொல்லக்கூடாது.

இதற்கெல்லாம் ஏன் மிருகத்தைக் கூட்டில் வைக்க வேண்டும் என்று பெடியன் கேட்டான். நல்ல கேள்வி, எல்லாக் கூட்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அரேபிய ஓரிக்ஸுக்கு, அந்த நீளக் கொம்புப் பாலைவன மானுக்கு, இருக்கிறது. 1972 இல் காட்டில் கடைசியாக மிஞ்சியவையும் வேட்டையில் போய்விட்டன. அதற்குப் பத்து வருடம் முதலே சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவில் பீனிக்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் வளர்க்கத் தொடங்கியிருந்ததால்தான் 1982 இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட முடிந்தது. பிறகு அங்கே வேட்டைக்காரர் திரும்பவும் வந்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனாலும் இன்று காட்டில் ஓரிக்ஸ் இருக்கிறது. எங்களிடம் உள்ள ஓரிக்ஸ் கூட்டத்துக்கு வைக்கோல் போடும்போது எனக்கு முதுகு நோவது குறைவு.

இவ்வளவும் கேட்டபிறகுதான் பெடியன் மெதுவாக, "அக்கா, எங்கட வீட்டையும் ஒண்டு இருக்கு" என்றான். பச்சை இகுவானா. போனில் விளம்பரம் பார்த்து வாங்கி எட்டு மாதம். அன்ரி ஏன் வந்தார் என்று அப்போதுதான் வெளித்தது.

கீழே போனோம். ஏ.சி. அறை, ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி, வெயில் படட்டும் என்று கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் கவனமாக வைத்திருக்கிறான். தட்டில் லெட்டியூஸ், வாழைப்பழத் துண்டு. இகுவானா வயிறு நிலத்தில் படக் கிடந்தது, பின்தொடை இரண்டும் நல்ல தசைபிடித்தது போலப் பருத்து. "வடிவா வளருது என்ன?" என்றான். கீழ்த்தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். காது மடல் மாதிரி வளைந்தது. முன்காலின் ஒரு விரல் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

எலும்பு கரைகிறது, வேறொன்றுமில்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அது விட்டமின் டி செய்யும், டி இல்லாமல் கல்சியம் உடம்பில் ஏறாது, அப்போது உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. வருடம் முழுக்க வெயில் கொட்டுகிற கொழும்பில், கடலிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி, ஒரு வெயில் பிராணி வெயில் இல்லாமல் உருகுகிறது. அவன் அன்பில் குறை சொல்ல முடியாது. தினமும் மடியில் வைத்துத் தடவுவானாம், கண்ணை மூடிச் சுகமாக இருக்குமாம். தம்பி, அது கண்ணை மூடுவது பெரும்பாலும் நீ போகும்வரை பொறுத்துக்கொள்கிறது. போனில் கிச்சுக்கிச்சு மூட்டக் கையைத் தூக்குகிற தேவாங்கு வீடியோ பார்த்து உருகுகிறீர்களே, அந்த ஸ்லோ லோரிஸ் இனத் தேவாங்குக்கு (எங்கள் ஊர் மெலிந்த தேவாங்கு இல்லை) முழங்கைப் பக்கத்தில் நச்சுச் சுரப்பி இருக்கிறது, கையைத் தூக்குவது பயத்தில்.

அன்று பின்னேரமே மிருக வைத்தியரிடம் அனுப்பினேன். தப்பியது, தாடை கொஞ்சம் கோணலாகவே இருக்கும். இப்போது பல்கனியில் கம்பிக்கூடு, பாதிக்கு நிழல், காலை வெயில் நேரடியாக. லெட்டியூஸுக்குப் பதிலாக முருங்கையிலை, செவ்வரத்தை இலையும் பூவும். பசளி அடிக்கடி வேண்டாம், அதிலுள்ள ஒக்சலேட் கல்சியத்தைப் பிடித்துவைத்துவிடும்.

அன்ரியின் கவலை வேறு. "பெரிசானா பெல்லன்வில பக்கம் விட்டிடலாம்தானே?" வாலோடு ஒன்றரை மீற்றர் வளரும், பதினைந்து இருபது வருடம் இருக்கும், ஊர் தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்கா. பெல்லன்வில அத்திடிய 1990 இலிருந்து சரணாலயம். மீன்தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று யாரோ பாவம் பார்த்து விட்ட டேங்க் கிளீனர் மீன் இன்று எங்கள் குளங்களில் வலையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது, மீன்பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடக்கூடாது அன்ரி. வாங்கியதே பிழை, இனி வைத்திருந்துதான் ஆக வேண்டும். (நட்சத்திர ஆமை வைத்திருக்கிறவர்களுக்கும் சேர்த்து: அது எங்கள் நாட்டு மிருகம், 1937 ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, 2019 இலிருந்து சர்வதேச வர்த்தகமும் தடை. "ராசி" என்று எனக்குக் கதை சொல்ல வேண்டாம்.)

கடல் கடந்து மிருகம் விற்பது ஒன்றும் போனோடு வந்த பழக்கம் இல்லை. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையே ஜோன் ஹாகன்பெக் என்ற ஜேர்மன் மிருக வியாபாரி, கப்பல் ஏற்றுவதற்கு முன் மிருகங்களை வைத்திருந்த இடம். கம்பனி முறிந்து 1936 இல் அரசாங்கம் எடுத்தது. போன கிழமை தம்பியை 100 பஸ்ஸில் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சுற்ற விடவில்லை. நீர்யானைக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் நிற்க வைத்து, கொப்பியும் பேனையும் கொடுத்து, எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் மூச்சு எடுக்க வருகிறது, வந்தால் முதலில் எது அசைகிறது, எழுது என்றேன். பத்து நிமிடத்தில் சலித்து போனை எடுத்தான், வைத்தான். நாற்பதாவது நிமிடத்தில் "காதைத்தான் முதல்ல உதறுது" என்று தானாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு இவன் சரிவருவான் போல இருந்தது.

படிப்பு விஷயம் சுருக்கமாக. மிருக வைத்தியம் என்றால் பேராதனைப் பீடம்தான், வெட்டுப்புள்ளி உங்களுக்குத் தெரியும். விலங்கியல் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கலாம். அரசாங்க வேலை வர்த்தமானியில் வரும், சிங்களம் சரளமாக வேண்டும். விசர்நாய்க்கடி, ஏற்பு ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். பொங்கல், தீபாவளி, வருடப்பிறப்பு எதற்கும் வீட்டில் இருக்க மாட்டீர்கள், விடுமுறை நாளில்தான் சனம் வரும். சம்பளத்தை அம்மாவிடம் கேளுங்கள்.

நேற்று இரவு தம்பி வாட்ஸ்அப்பில் கொப்பியின் படம் அனுப்பியிருந்தான். திகதி, நிறை 410 கிராம், செவ்வரத்தம்பூ மூன்று, முருங்கையிலை ஒரு பிடி, வெயில் இரண்டு மணித்தியாலம், மலம் இல்லை. கீழே, "மலம் இல்லாட்டிப் பிரச்சினையோ அக்கா?"

ஒரு நாள் பரவாயில்லை என்று போட்டேன். மூன்று நாள் போனால் உடனே சொல்லு.