வால்டர் டி மெர்ட்டனின் கட்டளை

அறக்கட்டளைக் கணக்குகளைத் தணிக்கை செய்தே உத்தியோக காலத்தை ஓட்டியவன் நான். எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும், ‘இதற்குச் சொத்து எழுதி வைத்தது யார், அது இப்போது யார் கையில் இருக்கிறது’ என்றுதான் முதலில் தோன்றும். மகள் இருக்கும் ஊர் என்பதால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனேன். அவளுக்கு கிறைஸ்ட் சர்ச்சின் பெரிய சாப்பாட்டுக் கூடத்தைக் காட்ட ஆசை. நான் பக்கத்திலேயே உருண்டைக் கல் பாவிய மெர்ட்டன் தெருவில், மெர்ட்டன் கல்லூரி வாசலில் நின்றுவிட்டேன். “அப்பா, இங்கே அவ்வளவு கூட்டம் வராதே” என்றாள். வராதது நல்லதுதான் என்றேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் மூத்த கல்லூரி எது என்பதில் மூன்று வீட்டாருக்குள் தீராத வழக்கு. யூனிவர்சிட்டி கல்லூரிக்கு 1249-இல் இறந்த வில்லியம் ஆஃப் டரம் என்பவர் விட்டுப்போன பணம் ஆதாரம். பேலியல் 1263 என்கிறது. மெர்ட்டன் 1264. யூனிவர்சிட்டி கல்லூரிக்காரர்கள் இதோடு நிற்காமல், ஒன்பதாம் நூற்றாண்டு ஆல்ஃபிரட் மன்னர்தான் எங்களைத் தொடங்கினார் என்று பல நூறு வருடம் சாதித்து, 1872-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவும் கொண்டாடிவிட்டார்கள். ஆல்ஃபிரட்டுக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் ஓட்டு மெர்ட்டனுக்கு. பணம் என்றைக்கு வந்தது என்பதைவிட, அதை யார், எப்படி ஆள வேண்டும் என்று என்றைக்கு எழுதினார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு. அந்த எழுத்து முதலில் கிடைப்பது இங்கேதான்.

எழுதியவர் வால்டர் டி மெர்ட்டன். மூன்றாம் ஹென்றியிடமும் பிறகு முதலாம் எட்வர்டிடமும் சான்சலராக இருந்தவர்; அரசாங்க முத்திரை அவர் கையில். 1264 என்பது அரசருக்கும் பிரபுக்களுக்கும் சண்டை முற்றிப் போர்க்களமான வருடம். அரசர் பக்கம் இருந்த அதிகாரியின் நிலபுலனுக்கு அப்போது என்ன உத்தரவாதம்? சர்ரே பகுதியில் மால்டன், செசிங்டன் என்ற இரண்டு பண்ணைகளை அவர் ‘மெர்ட்டன் மாணவர் இல்லம்’ என்ற பெயருக்கு எழுதி வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் இருபது பேர் படிக்க அந்த வருமானம். முதல் உரிமை யாருக்கு? கூடப் பிறந்த சகோதரிகளின் பிள்ளைகளுக்கு. அவருக்குச் சகோதரிகள் அதிகம்.

இந்த இடத்தில் என் அனுபவம் மூக்கை நீட்டியது. மருமகப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதும் கட்டளை எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தலைமுறையில் ஒருவன் குத்தகையை அமுக்குவான், இன்னொருவன் கோர்ட்டுக்குப் போவான். மெர்ட்டன் அந்தக் குழியில் விழாததற்குக் காரணம், வால்டர் ஒரே பத்திரத்தோடு விடாமல் 1270-இலும் 1274-இலும் விதிகளைத் திருத்தி எழுதியதுதான். உறவுக்காரப் பையன் என்றால் முன்னுரிமை உண்டு; ஆனால் படிக்க வேண்டும், ஒழுங்காக இருக்க வேண்டும். நிர்வாகம் குடும்பத்திடம் இல்லை, அங்கே படித்து வாழ்கிறவர்களிடமே. தலைவருக்கு வார்டன் என்று பெயர். வரவு செலவுக்குப் பொருளாளர்கள் தனி. வருடத்தில் மூன்று முறை எல்லோரும் கூடி, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று நேருக்கு நேர் விசாரிக்க வேண்டும். வருமானம் கூடினால் மாணவர் எண்ணிக்கையும் கூட வேண்டும். துறவற சபையில் சேருகிறவன் இடத்தைக் காலி செய்ய வேண்டும். மடங்கள் சொத்தை விழுங்கிவிடும் என்று சான்சலருக்குத் தெரியாதா என்ன! கேம்பிரிட்ஜின் முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் 1284-இல் தொடங்கியபோது, மெர்ட்டன் விதிகளையே மாதிரியாக எடுத்துக்கொண்டது.

வெளித் தணிக்கையும் இருந்தது. கேன்டர்பரி ஆர்ச்பிஷப்புக்குக் கல்லூரியைச் சோதிக்கும் அதிகாரம். 1284-இல் ஜான் பெக்கம் என்ற ஆர்ச்பிஷப் கேட்டதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மருத்துவம் படிக்கிறவர்களை எந்த விதியின் கீழ் சேர்த்தீர்கள் என்பது அவருடைய ஆட்சேபணை. மருத்துவமும் இயற்கைத் தத்துவத்தில் ஒரு பகுதிதானே என்பது கல்லூரியின் சமாதானம். செலவை எந்தத் தலைப்பிலாவது சொருகிவிடும் கலை அன்றைக்கே இருந்திருக்கிறது. பெக்கம் ஏற்கவில்லை. முந்நூற்று அறுபது வருடம் கழித்து, 1645-இல், அதே கல்லூரிக்கு வார்டனாக வந்தவர் ரத்த ஓட்டத்தை விளக்கிய டாக்டர் வில்லியம் ஹார்வி. அது உள்நாட்டுப் போர்க் காலம். முதலாம் சார்லஸ் கிறைஸ்ட் சர்ச்சில் தங்கி அரசாண்டார். ராணி ஹென்ரியட்டா மரியா மெர்ட்டனில் இருந்தார். ஹார்வி அரசரின் மருத்துவர், அந்த வழியில் வந்த பதவி. 1646-இல் ஆக்ஸ்ஃபோர்டு சரணடைந்ததும் பதவியும் போயிற்று.

உள்ளே மாப் குவாட் என்ற சின்ன முற்றம். நான்கு பக்கமும் கல் கட்டடம், நடுவில் புல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 1378 வரை துண்டு துண்டாகக் கட்டி முடித்தது. ஒரு மூலையில் கூரை மட்டும் செங்குத்தாக, கல்லாலேயே மூடியிருக்கிறது. அது பத்திரங்களும் பணமும் வைத்த அறை. தீப்பிடிக்கக் கூடாதாம். மற்ற இடத்தையெல்லாம் வேகமாகப் பார்த்த நான் அந்தக் கூரைக்குக் கீழே வெகுநேரம் நின்றேன். அக்கா தங்கை பிள்ளைகளுக்கு எழுதிய பத்திரம் இன்றுவரை அழியாமல் இருக்கிறது என்றால் அந்தக் கல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

தெற்கும் மேற்கும் மாடியில் நூலகம், 1370-களில் கட்டியது. புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள், 1792-இல்தான் அவிழ்த்தார்கள். எல்லாப் புத்தகமும் கட்டுண்டு கிடக்கவில்லை. இன்னொரு பகுதியை ஃபெல்லோக்கள், அதாவது கல்லூரியின் உறுப்பினர்களான அறிஞர்கள், கூடித் தங்களுக்குள் பிரித்து, அறைக்குக் கொண்டுபோய்ப் படித்திருக்கிறார்கள். எந்தப் புத்தகம் யாரிடம் என்று பட்டியல் எழுதியாக வேண்டும். இப்படிப் படித்தவர்களில் பிராட்வர்டைன், ஹெய்ட்ஸ்பரி, ஸ்வைன்ஸ்ஹெட் என்று ஒரு கூட்டம், பதினான்காம் நூற்றாண்டில். சீராக வேகம் கூடும் பொருள் கடக்கும் தூரம், அதன் சராசரி வேகத்தில் அதே நேரம் போனால் கடக்கும் தூரத்துக்குச் சமம் என்ற விதியை, கலிலியோவுக்கு முந்நூறு வருடம் முன்பே, ஒரு பரிசோதனையும் செய்யாமல் தர்க்கத்தாலேயே எட்டினார்கள். பிராட்வர்டைன் 1349-இல் ஆர்ச்பிஷப் ஆனார். சில வாரங்களிலேயே கொள்ளை நோய் கொண்டுபோயிற்று.

தேவாலயத்துக்கு முன்மண்டபம் இல்லை. பெரிதாகத் திட்டமிட்டு, பாதியில் நின்றுபோய், மண்டபம் வரவேண்டிய பக்கத்தில் இப்போது 1517-இல் தோன்றிய கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரி இருக்கிறது. கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் பழையபடியே. அவற்றைக் கொடுத்த ஹென்றி டி மேம்ஸ்ஃபீல்ட் என்ற ஃபெல்லோ, இருபத்து நான்கு இடத்தில் தான் முழந்தாளிட்டு வணங்குவது போல வரைய வைத்திருக்கிறார். நம் கோவில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதுகிறவர்களை இனி நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போதைய வாழ்க்கையைப் பற்றி மகள்தான் சொன்னாள். பெண்களைச் சேர்த்தது 1980-இல்தான். இன்றைய ஜப்பான் சக்கரவர்த்தி நருஹிட்டோ இளவரசராக இருந்தபோது இங்கே இரண்டு வருடம் தங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் தேம்ஸ் நதியில் நடந்த படகுப் போக்குவரத்தை ஆராய்ந்தார். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும்போது, மாணவர்கள் அங்கி போட்டு, கையில் போர்ட் ஒயினோடு ஃபெல்லோஸ் குவாடைப் பின்னோக்கி நடந்து சுற்றுகிறார்கள். பழங்காலச் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம், 1971-இல் சில குறும்புக்காரர்கள் தொடங்கியது. எழுநூறு வருடப் பழமை கையில் இருப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளத் தைரியம் வந்துவிடும் போலிருக்கிறது.

வால்டர் 1277-இல், ஆற்றைக் கடக்கும்போது குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அப்போது ராச்செஸ்டர் பிஷப். அவர் சேர்த்து வைத்ததில் என்னை மிகவும் கவர்ந்த சொத்து ஆக்ஸ்ஃபோர்டிலேயே இல்லை. 1271 முதல் கேம்பிரிட்ஜில் மெர்ட்டனுக்கு ஒரு கல் வீடு சொந்தம். ‘பித்தாகரஸ் பள்ளி’ என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் ஊர்க்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் அடிதடி ஓயாத காலம் அது. ஒருவேளை ஊரைக் காலி செய்ய நேர்ந்தால் ஒதுங்க ஓர் இடம் இருக்கட்டும் என்று வாங்கியிருப்பார் என்பது என் ஊகம். ஒதுங்க அவசியமே வரவில்லை, ஆனாலும் விட்டுவிடவில்லை. போட்டிப் பல்கலைக்கழகத்தின் நடுவில் 688 வருடம் வைத்திருந்து, 1959-இல்தான் அந்த வீடு அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் கைக்கு மாறியது. நான் அப்போது தணிக்கைக்குப் போயிருந்தால் ஒரே கேள்விதான் கேட்டிருப்பேன்: கிரயப் பணம் எந்தத் தலைப்பில் வரவு?