இன்னொரு பாட்டில்: தீவிர சிகிச்சைப் பிரிவு நாட்குறிப்பு

14.10.2024, திங்கள்

சிறுநீர்ப் பாதையில் தொடங்கிய கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி, அதிர்ச்சி நிலையில் (ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) நேற்று மாலை ஒரு முதிய விவசாயி கொண்டுவரப்பட்டார். எடை 60 கிலோ. கிலோவுக்கு 30 மி.லி. என்ற கணக்கில் முதல் 3 மணி நேரத்துக்குள் 1,800 மி.லி. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றிய பிறகும் ரத்த அழுத்தம் 84/46-ஐத் தாண்டவில்லை. இன்னொரு லிட்டர் ஏற்றுமாறு கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருந்தது. அழுத்தம் இறங்கினால் சலைன் என்பது எங்கள் கையில் ஊறிப்போன பழக்கம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ரத்தக்குழாய்க்குள் இன்னும் நீர் சேர்ந்தால், இவருடைய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான ரத்தத்தை வெளியேற்றுமா? இந்த நிலையில் இருப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் அது நடக்கிறது. மற்றவர்களுக்கு ஏற்றிய நீர் நுரையீரலிலும் திசுக்களிலும் போய்த் தேங்குகிறது.

எனவே கால்களை உயர்த்திப் பார்த்தோம். தலைப்பக்கம் 45 பாகை உயர்ந்திருந்த நிலையில், ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை எக்கோவில் (இதய ஸ்கேன்) அளந்துகொண்டு, பிறகு கட்டிலைச் சாய்த்து உடலைக் கிடத்தி, கால்பக்கத்தை 45 பாகைக்கு உயர்த்தினோம். கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ 300 மி.லி. அப்போது இதயத்துக்குத் திரும்புகிறது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் ஏற்றாமலே ஏற்றிப் பார்த்ததற்கு அது சமம். கால்களை இறக்கியதும் அந்த ரத்தம் வந்த இடத்துக்கே போய்விடும். பலன் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்து மறைந்துவிடுவதால், எக்கோ கருவியை மார்பில் வைத்தபடியே காத்திருக்க வேண்டும். கால்களைக் கையால் பிடித்துத் தூக்கினால் வலியிலேயே நாடித்துடிப்பு ஏறி நம்மை ஏமாற்றிவிடும். கட்டிலைச் சாய்ப்பது அதனால்தான்.

நீர் பலன் தருமென்றால், துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் 10 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். இவருக்குக் கூடியது 3 சதவீதம். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்த அந்த லிட்டரை நீக்கிவிட்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரீனலின் மருந்தைத் தொடங்கினோம். விடிவதற்குள் சராசரி அழுத்தம் 65-ஐத் தொட்டது, சிறுநீரும் பிரியத் தொடங்கியது.

15.10.2024, செவ்வாய்

கழுத்துச் சிரையில் குழாய் செலுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தமான மைய சிரை அழுத்தத்தை (சிவிபி) அளந்து, அது 8 முதல் 12-க்குள் வரும்வரை நீர் ஏற்ற வேண்டும் என்றுதான் நான் படித்தேன். 2001-இல் வெளிவந்த, அமெரிக்க மருத்துவர் ரிவர்ஸ் குழுவின் ஆய்வு அந்த எண்ணை உலகெங்கும் பரப்பியது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அந்த முறையால் இறப்பு குறையவில்லை. அந்த எண்ணை மட்டும் பார்த்து இதயம் நீருக்கு எப்படிப் பதிலளிக்கும் என்று கணிக்க முடியாது. ஆனாலும் இன்று காலை ரவுண்ட்ஸில் “சிவிபி 6 சார், சலைன் போடலாமா?” என்ற குரல் கேட்டது.

17.10.2024, வியாழன்

டெங்கு. கல்லூரி மாணவி, ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் நிம்மதி அடையும் இந்த நேரத்தில்தான் ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. அழுத்தம் 92/76; இரண்டுக்கும் இடைவெளி 16 மட்டுமே. கைகள் சில்லிட்டிருந்தன. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி 38-லிருந்து 47-க்கு ஏறியிருந்தது; நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டதன் அடையாளம் அது.

இங்கே தயக்கத்துக்கு இடமில்லை, நீர்தான் மருந்து. ஆனால் அதற்கும் அளவு உண்டு: முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 10 மி.லி., அதன் பிறகு நாடியையும் பிசிவியையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாலைக்குள் கைகள் கதகதப்பாயின.

18.10.2024, வெள்ளி

வென்டிலேட்டரில் இருக்கும் நிமோனியா நோயாளிக்குக் கால்களை உயர்த்தியபோது துடிப்புக்கு வெளியேறும் ரத்தம் 14 சதவீதம் கூடியது. “அப்படியென்றால் கொடுக்கலாம்தானே?” என்று பயிற்சி மருத்துவர் கேட்டார். என் கால்களை உயர்த்தினாலும் என் இதயம் கூடுதலாகத்தான் வெளியேற்றும். அதற்காக எனக்கு யாரும் சலைன் போடுவதில்லை. இவருக்கு ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் அளவு) இயல்பாக இருந்தது, விரல் நுனியை அழுத்திவிட்டால் நிறம் உடனே திரும்பியது, நுரையீரலோ ஏற்கெனவே நனைந்திருந்தது. இதயம் ஏற்றுக்கொள்ளும் என்பது ஒன்று, உடலுக்குத் தேவை என்பது இன்னொன்று. கொடுக்கவில்லை.

கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்த எண்ணம். உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டமும் குறைந்திருந்த 3,141 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வை அவரிடம் சொன்னேன். வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 10.5 சதவீதம், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதம். அங்கே வென்டிலேட்டர் வசதி இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. எனக்கும் அந்த எண்களைச் சாதாரணமாகச் சொல்ல இன்றுவரை முடிவதில்லை.

19.10.2024, சனி

மாணவியின் பிசிவி 39. சிறுநீர் தாராளமாகப் போகிறது, பசிக்கிறது என்கிறாள். கசிந்த நீர் ரத்தக்குழாய்க்குத் திரும்பும் நேரம் இது. ஆனால் டிரிப்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி நாங்கள் யாரும் எழுதவில்லை. உள்ளிருந்து திரும்பும் நீரோடு இதுவும் சேர்ந்தால், அதிர்ச்சியிலிருந்து பிழைத்தவள் மூச்சுத் திணறலில் மாட்டிக்கொள்வாள். நானே மூடினேன்.

அவளுடைய அம்மா பயந்துவிட்டார். “இன்னும் ஒரே ஒரு பாட்டில் போட்டுடுங்க டாக்டர், உடம்புல தெம்பே இல்ல.” இரவு நான் இங்கேதான் இருக்கிறேன், மணிக்கொருமுறை வந்து பார்ப்பேன் என்று சொன்னேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

20.10.2024, ஞாயிறு, காலை 6 மணி

அழுத்தம் 108/70. நுரையீரல் சுத்தம். அம்மா டம்ளரில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறார்.