மூன்று ரீடிங்கும் தப்பு என்று கணக்கு சொன்னபோது

சர்வே அளவுகளை ஒன்றோடொன்று பொருந்தும்படி சரிசெய்யும் லீஸ்ட் ஸ்கொயர் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கை ஓட்டியதும் ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று சிவப்பாக வந்த எல்லா ரீடிங்கையும் ஒரேயடியாகத் தூக்கிவிட்டு மறுபடி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. கெட்டதோடு நல்ல ரீடிங்கும் போய்விடுகிறது.

போன மாதம் எங்கள் லெவலிங் (உயரம் அளக்கும்) வேலையில் நடந்ததையே சொல்கிறேன். உயரம் தெரிந்த ஒரு பெஞ்ச்மார்க்கிலிருந்து பாலத்தின் மேலுள்ள புள்ளிக்கு மூன்று முறை உயர வித்தியாசம் எடுத்தோம்: 2.341, 2.343, 2.371 மீட்டர். ஒவ்வொன்றின் திட்ட விலக்கமும், அதாவது வழக்கமாக எதிர்பார்க்கும் சிதறலும், 3 மி.மீ. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவுகள், அதாவது எச்சங்கள், 10.7, 8.7, 19.3 மி.மீ. முதலில் மொத்தச் சோதனை. பெரிய பிழை எதுவும் இல்லை என்பதுதான் கருதுகோள். எச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டி 3 மி.மீ.யின் வர்க்கமான 9ஆல் வகுத்தால் புள்ளியியல் அட்டவணை தரும் எல்லையான 5.99க்குள் வந்திருக்க வேண்டும், வந்தது 62.5. சரி, ஏதோ தப்பு இருக்கிறது, எதில்?

இதற்குத்தான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் இருந்த வில்லெம் பார்டா 1968இல் வழி சொன்னார். ஒவ்வொரு எச்சத்தையும் அந்த எச்சத்தின் திட்ட விலக்கத்தாலேயே வகு, 3.29ஐத் தாண்டினால் சந்தேகப்படு. நல்ல ரீடிங் ஆயிரத்தில் ஒரு தடவைதான் அந்த எல்லையைத் தாண்டும். எங்களுக்கு வந்தது 4.4, 3.5, 7.9. மூன்றுமே தாண்டிவிட்டன! கெட்ட ரீடிங் சராசரியைத் தன் பக்கம் இழுத்ததில் நல்லவை இரண்டும் தள்ளி நிற்பதுபோலத் தெரிகின்றன, அதன் சொந்தப் பிழையிலோ மூன்றில் இரண்டு பங்குதான் அதன் எச்சத்தில் தெரிகிறது. அதனால் மிகப் பெரியதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். எடுத்தேன், மீதி இரண்டின் எச்சம் ஆளுக்கு 1 மி.மீ.

அப்புறம் ஃபீல்டு புக்கைப் புரட்டினேன். லெவல் கருவிக்குள் தெரியும் மூன்று குறுக்குக் கம்பிகளிலும் அளவு குறிப்போம். அந்தக் கெட்ட ரீடிங்கில் மேல் கம்பி 1.921, கீழ்க் கம்பி 1.771, அப்படியானால் நடுக் கம்பி இரண்டின் சராசரியான 1.846 இருக்க வேண்டும், எழுதியிருந்தது 1.876. நாலு ஏழாகிவிட்டது.

இரண்டே முறை எடுத்து அதில் ஒன்று இதுவாக இருந்திருந்தால்? 2.341, 2.371, எச்சம் இரண்டுக்கும் 15 மி.மீ., சோதனை மதிப்பும் அச்சாக ஒன்றே. தப்பு இருக்கிறது என்று தெரியும், யார் என்று எந்தப் புள்ளியியலாலும் சொல்ல முடியாது. அதனால் மீதி இருந்த இரண்டோடு நான் விடவில்லை. மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போய் இன்னொரு முறை எடுத்தோம், 2.340 வந்தது.